சும்மாட்டைத் துவைத்துத் தந்தார்கள்

மீன் விற்கும் பெண்களோடு சேர்ந்து ஒரு கண்காட்சி செய்யப் புறப்பட்டு, பதினான்கு மாதங்களையும், வரவு செலவெல்லாம் கழித்தபின் கையிலிருந்து 40,000 ரூபாயையும், ஒரு வீட்டு வாசலில் கூச்சமில்லாமல் போய் நிற்கும் தைரியத்தையும் இழந்த கதை இது. நான் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படித்துவிட்டு ஊர் திரும்பும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் சிலர், படம் வரைந்து சுவரில் மாட்டுவதோடு நின்றுவிடாமல், பனையேறிகள், ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்கள், முந்திரி ஆலைப் பெண்கள் ஆகியோரோடு சேர்ந்து ஏதாவது செய்ய விரும்புகிறார்கள். எப்படித் தொடங்குவது என்று என்னிடமும் கேட்கிறார்கள். தொடங்குவது எளிது. வாங்கிய பொருளை வாங்கியபடியே திருப்பிக் கொடுப்பதில்தான் நான் தோற்றேன்.

2021 டிசம்பரில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய மூதாட்டி ஒருவரை நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிக் குளச்சலில் அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்று அறிவித்து ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. முதலமைச்சர் கண்டித்தார், பேருந்து ஊழியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள், செய்தி அடங்கிவிட்டது. எனக்கு மட்டும் அது அடங்கவில்லை, ஏனென்றால் நான் வளர்ந்தது கடற்கரையில் அல்ல, உள்நாட்டில். என் சிறுவயதில் கடவத்தில் மீன் கொண்டுவரும் அம்மைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையின் கீழ்ப்படியில்தான் இடம். கஞ்சித்தண்ணீர் கொடுக்கத் தனியாக ஒரு அலுமினிய டம்ளர் ஓட்டு இறவாணத்தில் செருகியிருக்கும். பேருந்து நடத்துநர் செய்ததை நாங்கள் மரியாதையான முறையில் செய்து வந்திருக்கிறோம். இந்த உறுத்தலிலிருந்துதான் கண்காட்சி பிறந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. உறுத்தலிலிருந்து தொடங்குகிறவர்கள் அவசரப்படுவார்கள் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன், நான் அவசரப்பட்டேன்.

2022 பிப்ரவரியில் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போகத் தொடங்கினேன். பங்குத்தந்தையின் அனுமதியோடு, பங்கின் சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களில் பேசினேன். அந்தப் பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, வேனில் கருங்கல், மார்த்தாண்டம், களியக்காவிளைச் சந்தைகளுக்குப் போய், வெயில் தாழ்ந்த பிறகுதான் வீடு சேர்கிறார்கள் என்பதால், நான் அவர்களோடு உட்கார்ந்து பேசக் கிடைத்தது ஜூன், ஜூலை மாதங்களில்தான். மேற்குக் கடற்கரையில் அந்த இரண்டு மாதங்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தடைக்காலத்தில் அவர்களுக்கு நேரம் இருந்தது, ஆனால் கையில் காசு இல்லை. இதை நான் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தேன். என் பதிவுக்காக அரைநாள் உட்கார்ந்தவர்களுக்கு ஆளுக்கு 500 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தது மூன்றாவது வாரத்தில். முதல் நாளே பேசியிருக்க வேண்டிய தொகை அது. பின்னால் கொடுத்தபோது அது கூலி என்ற நிலையிலிருந்து இறங்கி, டீச்சர் தந்த அன்பளிப்பு ஆகிவிட்டது.

நான் காட்ட நினைத்தது சும்மாடு. தலையில் மீன் பாத்திரமான சருவத்தை ஏற்றுமுன் துணியைச் சுருட்டி வட்டமாக வைப்பார்களே, அது. ஒருவர் சும்மாடு போல மற்றவருடையது இருக்காது. பழைய சேலைக் கிழிசலை முறுக்கி நுனியை உள்ளே செருகுகிறவர் உண்டு. துண்டை இரண்டாக மடித்துச் சணலால் கட்டுகிறவர் உண்டு. வருடக்கணக்கில் மீன்தண்ணீர் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி ஊறி, கைவிரலால் தட்டினால் மரம்போல ஒலிக்கும் சும்மாடுகளும் உண்டு. உச்சந்தலை அழுந்தும் இடத்தில் ஒரு பள்ளம், அதில் நரைமுடி ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். 41 பெண்களிடமிருந்து 41 சும்மாடுகளை இரவல் வாங்கினேன். இடித்த ஓட்டு வீடு ஒன்றிலிருந்து பனங்கைகளை, அதாவது கூரை தாங்கும் பனைச்சட்டங்களை, விலைக்கு எடுத்து, ஒவ்வொரு பெண்ணின் உயரத்தையும் அளந்து, அந்த உயரத்துக்கு ஒரு பனங்கையை ஆசாரியைக் கொண்டு அறுத்து நிறுத்தி, மேலே அவரவர் சும்மாட்டை வைப்பதென்று திட்டம். கூடத்துக்குள் நுழைகிறவர்கள் 41 பேருக்கு நடுவில் நிற்பது போலிருக்கும். அந்த மணமும் இருக்கும். பேருந்தில் பொறுக்க முடியாத அதே மணத்தோடு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்பதுதான் முழு எண்ணமும்.

அந்த 41இல் ஒன்று சாரத்தால், அதாவது கைலியால், ஆனது. நீலக் கட்டம் போட்ட சாரம். 2017 நவம்பரில் அந்த அக்காவின் கணவர் ஆழ்கடலுக்குப் புறப்படும்போது அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனது. அவர் போன மறுநாள் சந்தைக்கு அவசரமாகக் கிளம்பியவர் கைக்குக் கிடைத்ததென்று அதைச் சும்மாடாகச் சுருட்டியிருக்கிறார். நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்துவிட்டது. படகோடு போனவர்கள் திரும்பவில்லை. காணாமல் போனவரை ஏழாண்டு கழிந்தால்தான் இறந்தவராகக் கொள்ள முடியும் என்னும் பழைய சாட்சியச் சட்ட விதி அந்த ஊர்களில் எல்லாப் பெண்களுக்கும் மனப்பாடம். அந்த அக்கா அதற்குப் பிறகு அந்தச் சும்மாட்டைத் தலையில் வைக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை, நனைக்கவும் இல்லை. பாலிதீன் பையில் முடிந்து தகரப்பெட்டியில் வைத்திருந்தார். நான் கேட்டபோது இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். இரண்டாம் நாள், “ஒன்னரை மாசந்தானே மக்ளே, கொண்டு போ” என்று எடுத்துக் கொடுத்தார். நான் ஒரு சீட்டுகூட எழுதிக் கொடுக்கவில்லை. நம்பிக்கையால் நடக்கும் காரியத்துக்குக் காகிதம் எதற்கு என்று அன்று எண்ணினேன். நம்பிக்கை அவருக்கும் எனக்கும் இடையில் இருந்தது. பொருள் போய்ச் சேர்ந்ததோ அவர் முகத்தைக்கூடப் பார்த்திராத மூன்றாவது கைக்கு.

சென்னையில் ஒரு தனியார் கலைக்கூடம் 2022 ஆகஸ்டில் அழைத்தது. மூன்று கலைஞர்களின் படைப்புகள், ஆறு வாரம், நடுவில் ஒரு பொதுக் கலந்துரையாடல். கலைஞருக்கு 60,000 ரூபாய் மதிப்பூதியம், அதுபோகச் செய்பொருட் செலவுக்கு 1,20,000 ரூபாய் வரை பில் கொடுத்தால் திருப்பித் தருவோம் என்றார்கள். நான்கு பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட எனக்குப் பத்து நிமிடமும் ஆகவில்லை. இனி கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. பனங்கைக்கும் ஆசாரிக்கும் 48,000, ஒலிப்பதிவுக் கருவிக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் 37,000, போகவும் வரவும் சரக்கு வண்டிக்கு 34,000, பெண்களுக்கு 20,500, நானும் இரண்டு பெண்களும் போய்வந்த ரயில், தங்கும் செலவு 14,500, அச்சுக்கு 20,000. ஆக 1,74,000. இதில் அவர்கள் திருப்பித் தந்தது 74,000 மட்டும். ஜிஎஸ்டி பில் இல்லாத எதையும் ஏற்க முடியாது என்றார்கள். ஆசாரி நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்த கணக்குக்கும், 41 பெண்கள் கைநாட்டும் கையெழுத்தும் போட்ட தாளுக்கும் அங்கே மதிப்பில்லை. திரும்பி வரும் வண்டிக்கூலியும் பயணச் செலவும் ‘செய்பொருள்’ அல்ல என்று ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்ததாம். மதிப்பூதியத்திலும் பத்து சதவீதம் வரி பிடித்து 54,000 தந்தார்கள். அந்த 6,000 வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தபோது திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களுக்காக அடகு வைத்த வளையல்களை மீட்க மறு ஆண்டு ஓணம் ஆகிவிட்டது.

ஆகவே, நகரத்து அமைப்பு ஒன்றோடு உடன்பாடு செய்யும்போது, ஊரில் பில் தராதவர்களிடம் செய்யும் செலவை எந்தச் சான்றின் பேரில் ஏற்பீர்கள் என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வவுச்சர் போதும் என்று ஒரு வரி இருந்திருந்தால், 1,20,000 என்ற வரம்புக்குள் எனக்கு இன்னும் 46,000 ரூபாய் கிடைத்திருக்கும். பாதித் தொகையையாவது முன்பணமாகக் கேளுங்கள். திரும்பும் வண்டியைக் கொண்டுபோகும் வண்டியோடு சேர்த்தே பேசுங்கள். இவ்வளவு பெரிய பன்னாட்டுக் கலைக் கண்காட்சியான கொச்சி-முசிறிஸ் பினாலேயே 2022இல் டிசம்பர் 12ஆம் தேதி திறக்க முடியாமல் 23க்குத் தள்ளிப்போனதும், சரக்கு வந்து சேராததையும் கூடங்களில் மழை ஒழுகியதையும் சொல்லிக் கலைஞர்கள் வெளிப்படையாகக் கடிதம் எழுதியதும் அந்த வேளையில்தான். நான் அதை ஊர்வம்பு படிப்பதுபோலப் படித்தேனே தவிர, என் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை பார்க்கத் தோன்றவில்லை.

2023 பிப்ரவரியில் கண்காட்சி திறந்தது. முதல் வாரம் நினைத்தபடியே இருந்தது. மணம் கூடத்துக்கு வெளியேவரை வந்தது. சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பினார்கள். ஒரு பெரியவர் அரைமணி நேரம் நின்று, தன் ஊர் நாகப்பட்டினம் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் சனிக்கிழமை கலந்துரையாடல். அனந்தபுரி விரைவு வண்டியில் இரண்டு பெண்களை அழைத்துப் போயிருந்தேன்; அவர்களில் ஒருவர் சாரத்துக்குச் சொந்தக்கார அக்கா. மேடையில் மூன்று கலைஞர்களும் நெறியாளரும். அவர்கள் இருவரும் முன்வரிசை நாற்காலியில். பேச்சு முழுக்க ஆங்கிலம். நான் அவர்களுடைய உழைப்பைப் பற்றியும், வாசனையின் அரசியலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். முடிவில் நெறியாளர், உங்கள் பொருளை இங்கே பார்க்கும்போது எப்படி இருக்கிறது என்று அக்காவிடம் ஒலிவாங்கியை நீட்டினார். அவர் எழுந்து அதற்குப் பதில் சொல்லவில்லை. காலையில் சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தைக்குப் போய்வந்ததைச் சொன்னார். நெய்மீனை இங்கே வஞ்சிரம் என்கிறார்கள், துண்டு போட்டுத்தான் கொடுக்கிறார்கள், ஐஸ் எங்கிருந்து வருகிறது, செவுளைப் புரட்டிப் பார்க்க விடுகிறார்களா, சுமக்க ஆள் உண்டா என்று பத்து நிமிடம் பேசினார். அவையில் இருந்தவர்கள் கைப்பேசியைக் கீழே வைத்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான். நேரமாகிவிட்டது என்று நெறியாளர் நிறுத்தினார். அவரை மேடையில் ஏற்றி, தமிழில் பேசவிட்டு, நான் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தால் அது கலந்துரையாடலாக இருந்திருக்கும். இனி ஒரு அமைப்பு அழைத்தால், மேடையில் எத்தனை நாற்காலி, எந்த மொழி, வருகிறவருக்கு நாள்கூலி எவ்வளவு என்ற மூன்றையும் முதல் மின்னஞ்சலிலேயே கேட்பேன்.

நான்காம் வாரம் கூடத்தில் ஒரு மேலாண்மைக் கூட்டம் நடந்திருக்கிறது. பக்கத்து அலுவலகங்களிலிருந்து புகார். பொருட்களில் பூஞ்சை பிடிக்கிறது என்ற கவலை வேறு. அதில் உண்மையும் உண்டு, ஏனென்றால் உப்பேறிய துணி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், நானும் பருத்தித் துணியில் பொதியாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்பியிருந்தேன். எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதைச் செய்யாமல், பராமரிப்பு ஆட்களிடம் சொல்லி, 41 சும்மாடுகளையும் சலவைக்கு அனுப்பி, காய்ந்ததும் புகைப்படத்தைப் பார்த்து அதேபோலச் சுருட்டி அதே பனங்கைகளின் மேல் வைத்துவிட்டார்கள். மீதி இரண்டு வாரம் பார்வையாளர்கள் பார்த்தது சுத்தமான துணிச்சுருள்களை. மணம் என்பது படைப்பின் பகுதி என்று சுவரில் ஒட்டியிருந்த குறிப்பையும் யாரும் எடுக்கவில்லை. ஏப்ரலில் பெட்டிகள் வீட்டுக்கு வந்து முதல் பெட்டியைத் திறந்தபோதுதான் எனக்கே தெரியும்.

கோபத்தில் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, துணி யாருடையது என்பது. படைப்பாளிக்குத் தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவில் தருகிறது. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு சும்மாடு என் படைப்பு ஆகாது, அது இன்னொருவரின் உடைமை என்றார். பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர் தன் சொந்தப் பொருளைச் சாதாரண விவேகமுள்ளவர் பேணுவதுபோலப் பேண வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 151ஆம் பிரிவில் சொல்கிறது. அதன்படி அந்தப் பெண்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், கூடம் அதற்குப் பின்னால் என்று அவர் சொன்னது கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. ஒப்பந்தத்தைப் புரட்டியவர் இன்னொன்றையும் காட்டினார். பதிவுகளும் புகைப்படங்களும் கூடத்துக்கு உரிமையாகும் என்று ஒரு வரி; காலம் குறிப்பிடவில்லை. காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்கும், இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்குள்ளும் மட்டுமே செல்லும் என்று அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்வதால், ஏதோ தப்பித்தேன். என்றாலும் அந்த ஐந்தாண்டுக்கு 41 பெண்களின் குரலைத் தாரை வார்க்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? கூடத்துக்கு எழுதினேன்; வருந்துகிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வழக்குப் போடவில்லை. போட்டு வென்றாலும் எதைத் திருப்பி வாங்குவது?

சும்மாடுகளை நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பலர் சிரித்தார்கள்; நல்லதாப் போச்சு, எங்க வேல மிச்சம் என்றார் ஒருவர். சாரத்தை வாங்கிய அக்கா முகத்துக்கு அருகே கொண்டுபோனார். பிரித்துப் பார்த்தார், மறுபடி சுருட்டினார். “சோப்பு மணக்குது” என்றார். பிறகு உள்ளே போய்க் கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்து தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதைத் தகரப்பெட்டியில் வைக்காமல் கொடியில் போட்டார். ஐந்து மாதம் நான் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை.

இப்போது நான் பொருள் வாங்கும்போது தமிழில் ஒரு பக்கத் தாள் எழுதுகிறேன், இரண்டு படி. பொருள் எது, யாருடையது, எத்தனை நாள், யார் கையில் இருக்கும் என்பதோடு, துவைக்க, வெட்ட, தைக்க, மருந்தடிக்க உரியவரைக் கேட்க வேண்டும் என்றும் அதில் இருக்கும். படம், குரல், பெயர் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம். குரலுக்குச் சரி, பெயர் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் பலர். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி அதை ஒலிப்பதிவு செய்கிறேன். தொலைந்தால் என்ன ஈடு என்று அவரையே கேட்பேன். ஈடு சொல்ல முடியாமல் ஒருவர் தயங்கினால் அந்தப் பொருளை நான் வாங்குவதில்லை, அதேபோல ஒன்றைச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகிறேன். இந்தத் தாளைக் கூடத்தின் ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர்த்து அவர்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். நம் கையில் மட்டும் இருந்தால் பயனில்லை. பொருள் போகும்போதும் வரும்போதும் தேதியோடு நான்கு பக்கமும் படம் எடுப்பது அரைநாள் வேலை, அலுப்பானது, தவிர்க்க முடியாதது.

கண்காட்சியை ஊரிலும் ஒருமுறை வைக்கலாமே என்று 2023 செப்டம்பரில் தயங்கித் தயங்கி அன்பியக் கூட்டத்தில் கேட்டேன். எங்க சும்மாட்டை நாங்களே பார்க்கவா என்றார்கள். பிறகு ஒருவர், அந்தப் பனங்கையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நவ்ஜோத் அல்தாஃப் என்ற கலைஞர் பஸ்தர் பகுதியில் அங்குள்ள பழங்குடிக் கலைஞர்களோடு சேர்ந்து கைப்பம்பு அடிகளைக் கட்டியதையும், குடத்தைத் தலைக்கு ஏற்றுமுன் இடையில் வைத்துக்கொள்ள அவற்றில் மேடைகள் இருப்பதையும் சொன்னேன். அதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும், நம் பழைய சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் இருந்ததே என்றார் ஒரு பாட்டி. சந்தைக்குப் போகும் வேன் நிற்கும் முக்கில் சருவத்தை இறக்கி வைக்க இடமில்லை, ஒருவர் வந்து பிடித்தால்தான் இறக்க முடியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றரை ஆண்டு அவர்களோடு பழகியும் நான் கேட்டிருக்கவில்லை.

41 பேரின் உயரமும் என் நோட்டில் இருந்தது. ஆகக் குட்டையானவர் 4 அடி 7 அங்குலம். அவருக்குச் சரியானால் எல்லோருக்கும் சரியாகும் என்று கணக்கிட்டு, கல் நடப் பேரூராட்சியில் மனுக் கொடுத்துவிட்டு, அனுமதி வரும்வரை சோதித்துப் பார்க்க ஒருவர் வீட்டு முற்றத்தில் பனங்கைகளை நட்டுக் குறுக்கே பலகை அறைந்தோம். கூலி வாங்க மாட்டேன் என்ற ஆசாரியிடம் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அன்று மாலை சந்தையிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சருவத்தை வைத்துப் பார்த்தார்கள். சாரத்துக்காரி அக்காவும் வந்தார். தலையை ஒருபக்கம் சாய்த்துச் சருவத்தைப் பலகைக்குத் தள்ளியபோது விளிம்பு இடித்து மீன்தண்ணீர் அவர் தோளிலும் என் கையிலும் சிந்தியது. அவர் பலகையின் அடியில் கையை வைத்து அளந்து பார்த்து, “ரெண்டு வெரல் தாத்தணும்” என்றார். ஆசாரி மறுபடியும் வாளை எடுத்தார்.